மருந்தும் உடைமையும்: நல்லூரிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. பிளெமிங் பெனிசிலினைக் கண்டார். வக்ஸ்மன் ஸ்ரெப்ரோமைசினைக் கண்டார். அதன்பின் மக்கள் பிழைத்துக்கொண்டனர் என்பதே பாடநூல்கள் கூறும் கதை. கண்டுபிடிக்கப்பட்ட பொருள் எவர் கையில் இருந்தது, எந்த மொழியில் எழுதப்பட்டது, என்ன விலைக்கு விற்கப்பட்டது, யாருக்கு எட்டாமற் போயிற்று என்னும் வினாக்கள் அக்கதையில் எழுவதில்லை. அண்மைக்காலத்தில் நுண்ணுயிர்க்கொல்லிகள் வலுவிழந்து வருகின்றன என்றும், அவற்றின் இடத்தை நுண்ணுயிரெதிர்ப் பெப்ரைட்டுக்களும் பல்பகுதியங்களும் எடுத்துக்கொள்ளும் என்றும் விஞ்ஞான இதழ்களிற் பேசப்படுகிறது. இலக்கிய மாணவன் ஒருவன் இத்துறையில் மூக்கை நுழைப்பது பொருத்தமா எனச் சிலர் வினவக்கூடும். பொருளின் இரசாயனத்தை விஞ்ஞானிகளே கூறவேண்டும். அது சமூகத்தில் எவ்வாறு இயங்கும் என்பது வரலாற்றுக்குரிய வினா. அதற்கு விடைகாண யாழ்ப்பாணத்து நல்லூர் மோசமான இடமன்று.

பிரச்சினையின் பருமனை முதலிற் குறிப்பிடல் வேண்டும். 2022ஆம் ஆண்டு வெளிவந்த உலகளாவிய கணிப்பொன்றின்படி, 2019இல் மாத்திரம் மருந்துகளுக்கு அடங்காத பற்றீரியாக்களால் நேரடியாக 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டனர். அத்தகைய தொற்றோடு தொடர்புடைய இறப்புகள் 49 இலட்சத்து 50 ஆயிரம். இவ்விறப்புகளின் சுமை ஆபிரிக்காவிலும் தென்னாசியாவிலும் கூடுதலாக வீழ்ந்துள்ளது. 2010இல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமியை முதலாசிரியராகக் கொண்டு வெளிவந்த கட்டுரை, வலிமைமிக்க கார்பபெனெம் மருந்துகளையும் சிதைக்கும் நொதியமொன்று சென்னையிலும் அரியானாவிலும் பரவியிருப்பதைக் காட்டியபோது, அந்நொதியத்துக்குப் புதுடில்லியின் பெயர் இடப்பட்டிருந்தமையே பெரும் அரசியல் சர்ச்சையாயிற்று. பெயரைப்பற்றிச் சினந்தெழுந்தோரில் எத்தனைபேர், அப்பற்றீரியா வாழ்ந்த சாக்கடைகளைப்பற்றிச் சினந்தனர் என்பது தனியே ஆராயத்தக்கது.

இனி நல்லூருக்கு வருவோம். ஆரியச்சக்கரவர்த்திகளின் இராசதானியாக இருந்த காலத்தில் இங்கு செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் தொகுக்கப்பட்டன. அரசர் மாறிமாறிச் சூடிய சிங்காசனப் பெயர்களே நூற்பெயர்களாகவும் அமைந்தமை நோக்கத்தக்கது. நோய்நீக்கும் அறிவு அரசனின் புகழோடு பிணைக்கப்பட்டிருந்தது. ஆயினும் அவ்வறிவு அரண்மனையில் தோன்றியதன்று. புண்ணுக்குப் பச்சிலை அரைத்துக் கட்டியவரும், பேறு பார்த்த பெண்களும், கடற்கரையிற் கடிவாய்க்கு மருந்திட்டவரும் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த அனுபவத்தை, எழுத்தறிந்த சிறுகுழு விருத்தப்பாக்களில் யாத்தது. 1619இல் போர்த்துக்கேயர் இராச்சியத்தைக் கைப்பற்றியபின்பும் ஏடுகள் பரம்பரை வைத்தியர் வீடுகளில் பேணப்பட்டன. பரராசசேகரம் அச்சேறியது இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலே, ஏழாலை ஐ. பொன்னையபிள்ளையின் முயற்சியால். குடும்பச் சொத்தாகக் காக்கப்பட்டமையால் ஓர் அறிவு பிழைத்தது. குடும்பச் சொத்தாகவே இருந்தமையால் அது பொதுவிற் சோதிக்கப்படவும் திருத்தப்படவும் வாய்ப்பின்றிப் போயிற்று. இவ்விருமுகத் தன்மையை மறந்து, எல்லாம் எம்முன்னோர் ஏட்டில் உள என முழங்குவது பழம்பெருமை பேசுவதன்றி வேறன்று. பற்றீரியாவைப் பரராசசேகரம் அறியாது. அறியாமற்போனது அதன் குற்றமுமன்று.

1847ஆம் ஆண்டு யாழ்ப்பாண வரலாற்றில் ஒரு வகையில் இரட்டைத் தொடக்கமாகும். அவ்வாண்டில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் இங்கு வந்திறங்கினார். அவ்வாண்டின் இறுதிநாளில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் நல்லூர் ஆறுமுக நாவலர் தமது முதற் பிரசங்கத்தை நிகழ்த்தினார். இருவரும் 1822இற் பிறந்தோர். சமயத்தால் எதிரெதிர் நின்ற இவர்களை ஒன்றாக வைத்து நோக்கும்போதே ஓர் உண்மை புலப்படும்: அச்சியந்திரமும் தமிழ் வசனநடையும் புதிய சமூகத் தேவைக்கான கருவிகள் என்பதை இருவரும் உணர்ந்திருந்தனர். நாவலர் அவற்றைச் சைவத்துக்கும் கல்விக்கும் பயன்படுத்தினார். கிறீன், இடையிற் சில ஆண்டுகள் நீங்கலாக 1873வரை, மானிப்பாயிலிருந்து அவற்றை உடற்கூற்றியலுக்கும் இரணவைத்தியத்துக்கும் இரசாயனத்துக்கும் பயன்படுத்தினார். நாலாயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்கள் தமிழாக்கப்பட்டன. அறுபதுக்கு மேற்பட்டோர் அவரிடம் வைத்தியம் கற்றனர். ‘இரண வைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘கெமிஸ்தம்’ ஆகிய நூற்பெயர்களே அக்காலச் சொல்லாக்கப் போராட்டத்தின் சான்றுகள். வழக்கிலுள்ள தமிழ்ச்சொல் கிடைக்குமாயின் அதையும், இல்லையேல் வடசொல்லையும், அதுவும் இயலாவிடின் பிறமொழி ஒலியையும் கொள்வது என அவர் வகுத்துக்கொண்ட நெறி, இன்றைய சொல்லாக்கக் குழுக்கள் பலவற்றின் நெறியிலும் நடைமுறைக்கு உகந்தது.

கிறீனை இலட்சிய புருஷராக்க வேண்டியதில்லை. மதமாற்றமே மிஷனின் இறுதி நோக்கம்; வைத்தியம் அதற்கு வழி. ஆயின் ஒரு வரலாற்றுச் செயலின் புறநிலை விளைவு, அதைச் செய்தோரின் அகநிலை நோக்கத்துள் அடங்கிவிடுவதில்லை. கிராமத்திலே தமிழில் வைத்தியம் கற்றுத் தம்மூரிலே தொழில் செய்யும் ஒரு வைத்தியர்குழாம் உருவாகும் சாத்தியப்பாடு தோன்றியிருந்தது. அது தொடரவில்லை. 1870இற் கொழும்பில் வைத்தியக் கல்லூரி தொடங்கியபின் ஆங்கிலமே வைத்தியத் தொழிலின் வாயில் ஆயிற்று. ஆங்கிலம் கற்ற மத்தியதர வர்க்கத்தாருக்கு அவ்வாயில் திறந்தது. ஏனையோருக்கு வைத்தியம், கேட்டறிய முடியாத மொழியில் எழுதப்பட்ட ஒரு துண்டாயிற்று. 1870களின் பஞ்சத்திலும் வாந்திபேதியிலும் மாண்டோர் பெரும்பாலும் வறியோரே. நாவலர் 1877இல் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தியதும், அதே காலத்தில் அரசாங்க அதிபர் துவைனத்தின் நிருவாகத்தைக் கண்டித்ததும், நோயும் பசியும் ஆட்சியும் வேறுவேறல்ல என்பதை அவர் அறிந்திருந்தமைக்குச் சான்று. சாதி விடயத்தில் அவர் கொண்டிருந்த வைதிக நிலைப்பாடு, அவ்வறிவை அதன் தருக்கரீதியான முடிவுக்குக் கொண்டுசெல்ல இடமளிக்கவில்லை.

பெப்ரைட்டுக்கள் பற்றிய வரலாற்றையும் இத்தகைய நோக்கோடே அணுகுதல் தகும். பெப்ரைட்டு என்பது அமினோ அமிலங்கள் சில கோவையாக இணைந்த சிறு மூலக்கூறு. நீண்ட கோவையைப் புரதம் என்கிறோம். நுண்ணுயிரெதிர்ப் பெப்ரைட்டுக்கள் பல நேரேற்றம் உடையவை. பற்றீரியாவின் வெளிமென்சவ்வோ மறையேற்றம் மிக்கது. ஏற்றங்கள் ஈர்க்க, பெப்ரைட்டு மென்சவ்விற் படிந்து, தனது எண்ணெய் விரும்பும் பக்கத்தால் அதனுள் நுழைந்து அதைக் குலைத்துவிடும். பெனிசிலின் போன்றவை பற்றீரியாவின் ஏதேனும் ஒரு நொதியத்தை இலக்காகக் கொள்பவை. அந்நொதியம் மாறிவிடின் மருந்து பயனற்றுப்போகும். மென்சவ்வு முழுவதையும் மாற்றிக்கொள்வது அத்துணை எளிதன்று. இதுவே இப்புதிய மருந்துகளைப் பற்றிய நம்பிக்கையின் அடிப்படை.

பொதுவாக இக்கதை 1980களிலிருந்தே தொடங்கப்படுவதுண்டு. 1981இல் சுவீடனைச் சேர்ந்த ஹான்ஸ் பொமனும் அவரது குழுவினரும் அந்துப்பூச்சியொன்றின் கூட்டுப்புழுவிலிருந்து செக்குரோப்பினைப் பிரித்தமை, 1987இல் அமெரிக்கரான மைக்கேல் சாஸ்லொவ் ஆபிரிக்கத் தவளையின் தோலிலிருந்து மகைனினைப் பிரித்தமை ஆகியனவே தொடக்கங்கள் எனப்படும். அழுக்குத் தொட்டியில் விடப்பட்ட தவளைகளின் சத்திரசிகிச்சைப் புண்கள் சீழ்ப்பிடிக்காது ஆறியதைக் கண்டு அவர் வியந்தார் என்பது நயமான கதை, பொய்யுமன்று. ஆயினும் இவ்வரலாற்றில் அதற்கு முந்திய ஓர் அதிகாரம் உண்டு. அது பெரும்பாலும் விடப்படுகிறது.

1939இல் றெனே டூபோ மண்ணில் வாழும் பற்றீரியாவொன்றிலிருந்து கிரமிசிடினைப் பெற்றார். 1942இல், நாசிப் படைகள் சோவியத் மண்ணில் நின்ற வேளையில், கியோர்கி கௌசேயும் மரியா பிராஸ்னிகோவாவும் உருசிய மண்ணிலிருந்து அதன் உறவுப் பொருளொன்றைப் பெற்றனர். பத்து அமினோ அமிலங்கள் வளையமாக இணைந்த அப்பெப்ரைட்டு ‘சோவியத் கிரமிசிடின்’ எனப் பெயர்பெற்றுப் போர்க்கள வைத்தியசாலைகளில் காயங்களுக்கு இடப்பட்டது. 1944இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் அதுபற்றிய செய்தி வெளிவந்தது. மாதிரி பிரித்தானியாவுக்கு அனுப்பப்பட்டு, றிச்சட் சிஞ்சும் அவரோடு இருந்தோரும் அமினோ அமில வரிசையைக் கண்டனர். ஒருவரது பொருளை மற்றவர் பகுத்தாராயும் இவ்வழக்கம் போரின் தேவையால் எழுந்தது. பனிப்போர் தொடங்கியதும் மறைந்தது. ஒக்ஸ்போட்டில் டொறதி ஹொட்ஜ்கினிடம் கிரமிசிடின் பளிங்குகளை ஆராய்ந்த மாணவி மார்கரெற் றொபேட்ஸ் என்பார். தச்சர் என்ற பெயரில் அவர் பிற்காலத்தில் பொதுத்துறையை என்ன செய்தார் என்பதை வாசகர் அறிவர்.

இவ்விடத்தில் ஒன்றை மறைக்காது கூறுதல் வேண்டும். கௌசே, உயிரினங்களிடையேயான போட்டி பற்றி 1934இல் எழுதிய நூலால் உலகப்புகழ் பெற்ற சூழலியலாளர். 1948இல் லைசெங்கோவின் போலி விஞ்ஞானம் சோவியத் உயிரியலை ஆட்கொண்டபோது பலர் பதவியையும் வாழ்வையும் இழந்தனர். கௌசேக்குக் கேடயமாய் நின்றது அவரது மருந்தே. சமூகவுடைமை என்ற பெயரால் நடந்த அத்தவறை மார்க்சியவாதிகள் பிறர் சுட்டிக்காட்டும்வரை காத்திருக்கலாகாது. மருந்தின் குறையும் குறிப்பிடத்தக்கது: சோவியத் கிரமிசிடின் செங்குருதிக் கலங்களையும் உடைக்கும். ஆதலின் அது மேற்பூச்சு மருந்தாகவும் தொண்டைக்கான குளிசையாகவும் மட்டுமே நிலைத்தது. மென்சவ்வைத் தாக்கும் ஆயுதம் பகைவனின் மென்சவ்வு எது, எம்முடையது எது எனப் பிரித்தறிய வேண்டும் என்ற சிக்கல் அன்றே தோன்றிவிட்டது. இன்றும் தீரவில்லை.

பெப்ரைட்டுக்கு எதிர்ப்பு உருவாகாது என்பார்க்கு விடையளிக்க வரலாற்றில் ஓர் உதாரணம் போதும். 1940களின் இறுதியில் கிடைத்த கொலிஸ்ரின் ஒரு பெப்ரைட்டு மருந்தே. சிறுநீரகத்துக்குக் கேடு விளைவிப்பது கண்டு வைத்தியர்கள் அதை ஒதுக்கினர். ஏனைய மருந்துகள் தோற்றபின் கடைசித் துணையாக மீண்டும் எடுத்தனர். இடைப்பட்ட காலத்தில் அது எங்கே போயிற்று? பண்ணைகளுக்குப் போயிற்று. பன்றியும் கோழியும் விரைந்து பருக்கும் பொருட்டுத் தீனியில் தொன்கணக்கிற் கலக்கப்பட்டது. 2015இல் சீன ஆய்வாளர்கள் கொலிஸ்ரினுக்கு அடங்காத தன்மையை ஒரு பற்றீரியாவிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்தும் பரம்பரையலகைக் கண்டறிந்தனர். பின்னரே தடைகள் வந்தன; இந்தியா 2019இல் உணவுக்கான விலங்குகளுக்கு அதனைக் கொடுப்பதைத் தடைசெய்தது. கொலிஸ்ரின் தோற்றது இரசாயனக் குறையால் மட்டுமன்று. இலாபத்துக்காக இறைச்சி உற்பத்திசெய்யும் முறையில் அது ஒரு மலிவான உள்ளீடாக மாறியமையே காரணம். பற்றீரியா கூர்ப்பின் விதிக்கு அமைந்தது; மருந்து சந்தையின் விதிக்கு அமைந்தது.

பெப்ரைட்டின் குறைகளை நீக்கவே பல்பகுதியங்கள் வந்தன. இயற்கைப் பெப்ரைட்டை ஒவ்வோர் அமினோ அமிலமாகக் கோத்துச் செய்தல் பெருஞ்செலவு; உடலிலுள்ள நொதியங்களும் அதை விரைவிற் சிதைத்துவிடும். வரிசை ஒழுங்கைத் துல்லியமாகப் பின்பற்றாது, நேரேற்றமும் எண்ணெய் விருப்பமும் உரிய விகிதத்தில் அமைந்த ஒரு பல்பகுதியத்தைத் தொகுதியாகச் செய்துவிட்டால் அதே வேலையைக் குறைந்த செலவிற் செய்விக்கலாம் என்பது எண்ணம். 2016இல் மெல்பேண் பல்கலைக்கழகத்தினர் உடுவடிவில் அமைந்த பெப்ரைட்டுப் பல்பகுதியங்களை வெளியிட்டனர். மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்களை அவை கொன்றன. நண்டோட்டிலிருந்தும் இறால் ஓட்டிலிருந்தும் பெறப்படும் கைற்றோசன் இயற்கையாகவே நேரேற்றம் உடைய பல்பகுதியம். குருதியை நிறுத்தும் கட்டுத்துணியாக ஈராக், ஆப்கானித்தான் போர்களில் அமெரிக்கப் படையினருக்கு அது பயன்பட்டது. எம் கடனீரேரியின் நண்டோடு எம் வீடுகளில் குப்பைக்குப் போகிறது. நல்லூர் வேலிகளிற் படரும் காக்கணங்கொடியிலும் வளையப் பெப்ரைட்டுக்கள் உள. 2011இல் அவை விவரிக்கப்பட்டன. சில, சோதனைக்குழாயிற் பற்றீரியாக்களைக் கொன்றன. ஆஸ்திரேலியாவிலோ அக்கொடியின் சாறு பருத்திக்கான பூச்சிநாசினியாகச் சந்தைக்கு வந்துவிட்டது. காக்கணத்தை அரைத்துக் குடிக்கும்படி நான் எவருக்கும் கூறவில்லை என்பதை இங்கே சொல்லிவைப்பது நன்று.

எனினும் ஆய்வுகூடத்திலிருந்து நோயாளிவரை உள்ள தூரம் இரசாயனத்தால் அளக்கப்படுவதன்று. மகைனினிலிருந்து உருவான பெக்சிகனான், நீரிழிவுக்காரரின் பாதப்புண்ணுக்கான மருந்தாக அமெரிக்க அதிகாரிகள்முன் வைக்கப்பட்டு, இருக்கும் மருந்திலும் மேலானதாகக் காட்டப்படாமையால் 1999இல் அனுமதி பெறாது போயிற்று. மறுமுயற்சியும் 2016இல் தோற்றது. தோல்வி ஒருபுறமிருக்க, வெற்றியின் கதையே கூடுதல் அறிவூட்டுவது. அக்கேயோஜென் என்னும் நிறுவனம் 2018இல் புதிய நுண்ணுயிர்க்கொல்லி ஒன்றுக்கு அனுமதி பெற்றது. 2019 ஏப்பிரலில் வங்குரோத்தானது. காரணம் எளிது: நல்ல நுண்ணுயிர்க்கொல்லி அரிதாக, குறுகிய காலத்துக்கு, கடைசித் துணையாகப் பயன்படுத்தப்படவேண்டியது. அதன் பயன்மதிப்பு எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவுக்கு அதன் விற்பனை குறைவாக இருத்தல் வேண்டும். பயன்மதிப்புக்கும் பரிவர்த்தனை மதிப்புக்கும் இடையிலான முரண்பாட்டை விளக்க மார்க்சுக்கு இதனினும் தெளிவான உதாரணம் கிடைத்திராது. விற்பனை அளவைப் பாராது ஒவ்வொரு மருந்துக்கும் ஆண்டுக்கு ஒரு கோடி பவுண் வரை கொடுக்கும் திட்டத்தை 2022இல் இங்கிலாந்தின் சுகாதார சேவை ஏற்றுக்கொண்டமை, சந்தையால் இது இயலாது என்பதற்கு முதலாளித்துவ அரசொன்றே வழங்கிய வாக்குமூலம்.

இவ்வாக்குமூலத்துக்கு அரைநூற்றாண்டு முன்னரே இலங்கையில் அவ்வினாவுக்கு ஒரு விடை முயன்று பார்க்கப்பட்டது. 1971இல் கம்யூனிஸ்ற் கட்சித் தலைவர்களில் ஒருவரான வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் மருந்தியற் பேராசிரியர் செனக்க பிபிலேயும் மருந்துகளின் முகாமை பற்றிய அறிக்கையைச் சமர்ப்பித்தனர். அவ்வாண்டே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டு, பிபிலே அதன் முதல் தலைவரானார். சுமார் 2,100 மருந்துகள் சுமார் 600 ஆகக் குறைக்கப்பட்டன. வணிகப் பெயர்களின் இடத்தில் பொதுப்பெயர்கள் வந்தன. உலகளாவிய கேள்விப்பத்திரம் மூலம் மொத்தமாக வாங்கப்பட்டபோது, ஒரே பொருளுக்கு முன்னர் எவ்வளவு மிகையாகக் கொடுக்கப்பட்டது என்பது வெளிச்சத்துக்கு வந்தது. பெயர் மாற்றம் சிறு விடயமன்று. ஒரு பொருளுக்கு இருபது வணிகப் பெயர்கள் இருக்கும் நாட்டில் வைத்தியர் எழுதுவது மருந்தையன்று, ஒரு கம்பனியையே. கிறீன் நோய்க்கும் உறுப்புக்கும் மக்கள் மொழியிற் பெயர் தேடினார். பிபிலே மருந்துக்கு எவருக்கும் உடைமையல்லாத பெயரை மீட்டார். இரண்டையும் ஒரே வரலாற்றின் பகுதிகளாகவே நான் காண்கிறேன்.

எதிர்ப்பு விரைவில் வந்தது. 1974இல் நாட்டில் வாந்திபேதி பரவியது. அந்நோயில் உயிர்காப்பது முதலில் நீரும் உப்புமே எனினும், நோயின் காலத்தையும் பரவலையும் குறைக்க ரெற்றாசைக்கிளின் தேவைப்பட்டது. கூட்டுத்தாபனம் ஹோக்ஸ்ற் நிறுவனத்திடமிருந்து மூலப்பொருளைக் குறைந்த விலையில் வாங்கி, அதனைக் கூடுகளில் அடைத்துத் தரும்படி இலங்கையில் தொழிற்சாலை வைத்திருந்த பைசர் நிறுவனத்தைக் கேட்டது. நிறுவனம் செய்யவில்லை. ஆயத்தக் கூடுகள் பெருஞ்செலவில் விமானமூலம் தருவிக்கப்பட்டன. தொழிற்சாலையைத் தேசியமயமாக்கும் யோசனை எழுந்தபோது அமெரிக்கத் தூதுவர் பிரதமரிடம் நேரிற் பேசினார், யோசனை கைவிடப்பட்டது. இந்நிகழ்ச்சி 1977இல் பிபிலேயும் பொருளியலாளர் சஞ்சய லாலும் இணைந்து எழுதிய ஆய்வில் பதிவாகியுள்ளது. கூர்ந்து நோக்கின், இங்கு குறையாயிருந்தது மருந்தன்று. மருந்து நாட்டினுள் இருந்தது. அதை அடைக்கும் இயந்திரமும் நாட்டினுள் இருந்தது. இயந்திரத்தின் உடைமை வேறிடத்தில் இருந்தது.

1977 யூலையில் ஆட்சி மாறியது, பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது, தனியார் இறக்குமதி மீண்டது. அதன்பின் நிகழ்ந்தவற்றைச் சுருங்கக் கூறலாம். 1987இல் யப்பானிய உதவியோடு அரச மருந்து உற்பத்திக் கூட்டுத்தாபனம் தோன்றியது. 1990இலிருந்து வடபகுதிமீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடைக்குள் மருந்துகளும் அகப்பட்டன. சந்தை செய்வதை அப்போது அரசு செய்தது. 2015இல் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் பிபிலேயின் பெயரைச் சொல்லி நிறைவேற்றப்பட்டது. 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது வைத்தியசாலைகளில் அடிப்படை மருந்துகளே தீர்ந்தன. அவ்வாண்டு நல்லூரில் ஒரு மருந்துக்கடையில் நின்றேன். துண்டில்லாமல் வந்த ஒருவர், நாலு நாளைக்கு எழுதப்பட்டிருந்ததில் இரண்டு நாளைக்குரிய குளிசையை மட்டும் தரும்படி கேட்டார். ‘காய்ச்சல் நிண்டால் மிச்சம் ஏன்?’ என்றார். குறைந்த அளவில் உட்கொள்வது பற்றீரியாவைப் பயிற்றுவிக்கும் என 1945இல் நோபெல் உரையில் பிளெமிங் எச்சரித்ததை அவருக்குக் கூறியிருக்கலாம். ஆனால் அவர் கையில் இருந்தது இரண்டு நாளைக்குரிய காசு.

பெப்ரைட்டும் பல்பகுதியமும் இச்சூழலுக்குள்தான் வந்துசேரும். அவற்றின் ஆக்கமுறைகள் இப்போதே காப்புரிமைக்குள் அடைபட்டு வருகின்றன. பல்பகுதியம் பெப்ரைட்டிலும் மலிவாக உற்பத்தியாகலாம் என்பது உண்மை. உற்பத்திச் செலவு விலையைத் தீர்மானிப்பதில்லை என்பதை ரெற்றாசைக்கிளின் காட்டியது. எம் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான, மருத்துவ, சித்த மருத்துவத் துறையினர் ஒரே மேசையிலிருந்து காக்கணத்தையும் நண்டோட்டையும் ஆராய்வது நடைமுறைக்கு அப்பாற்பட்டதன்று. ஆய்வின் பயனை எந்தப் பெயரில், எவரது உடைமையாகப் பதிவது என்பது முதற் பரிசோதனைக்கு முன்னரே தீர்மானிக்கப்படவேண்டும். அதைத் தமிழில் எழுதுவதற்குரிய சொற்களும் உடன் ஆக்கப்படவேண்டும். கிறீனின் நூல்கள் அச்சாகி நூறாண்டுக்கு மேலாயிற்று.

பதவி மாற்றங்களுக்கிடையே, ஏனைய மூன்றாம் உலக நாடுகளிலும் இலங்கையின் மருந்துக் கொள்கையைப் பரப்பும் ஐக்கிய நாடுகள் பணியில் பிபிலே கயானா சென்றிருந்தார். 1977 செப்ரெம்பர் 29இல் அங்கேயே காலமானார். அடுத்த மாதம் உலக சுகாதார நிறுவனம் தனது முதலாவது இன்றியமையா மருந்துகளின் பட்டியலை வகுத்தது. மருந்துகள் பொதுப்பெயர்களில் எழுதப்பட்டிருந்தன. ரெற்றாசைக்கிளினும் அதில் இருந்தது.